வெள்ளைக் கைக்குட்டையின் விலை பத்து காசு

பினாங்கில் காலையில் நான் கண் விழிப்பதற்குள் யாராவது ஒருவர் என்னை "பாஸ்" என்று கூப்பிட்டுவிடுகிறார். "பாஸ், ஸ்டாக் அடா?" என்பதுதான் பெரும்பாலும் அன்றைய முதல் கேள்வி. சரக்கு இருக்கிறதா என்று மலாயில் கேட்கிறார்கள். சிலர் "ப்ரோ" என்பார்கள். இணையக் கடை என் கணவர் செல்வத்தின் பெயரில் இருப்பதாலும், அதில் மீசையோடு அவருடைய படம் இருப்பதாலும் எனக்குக் கிடைத்த மரியாதை இது. மனைவியாக வந்தவளுக்கு இந்த நாடு கொடுத்திருக்கும் விசாவில், வேலை பார்க்கக் கூடாது என்று ஒரு வரி அச்சிட்டிருக்கிறது. ஆகவே நான் வேலை பார்ப்பதில்லை. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் பகல் முழுக்க இயந்திரத்தின் முன்னால் நிற்கும் என் கணவர்தான், அதே நேரத்தில் டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீட்டிலும் உட்கார்ந்து, ஈரோட்டுத் துண்டுகளை மடித்து, உறையில் போட்டு, விற்றுக்கொண்டிருக்கிறார். நான் கூடமாட ஒத்தாசை செய்கிறேன், அவ்வளவுதான்.

ஈரோட்டில் அண்ணனின் மொத்த விலைத் துண்டுக் கடையில் ஆறு வருடம் பில் போட்டவள் நான். அங்கே வியாபாரம் முகத்துக்கு நேராக நடக்கும். வருகிறவர் துண்டைக் கையில் எடுப்பார், முகர்ந்து பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், பாதி விலைக்குக் கேட்பார், கோபித்துக்கொண்டு வாசல்வரை போவார், திரும்பி வந்து இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு போவார். கோபமும் சமாதானமும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இங்கே ஆள் யார் என்றே தெரியாது. கேட்ட கேள்விக்குச் சீக்கிரம் பதில் போடாவிட்டால், பதில் சொல்லும் வேகம் குறைந்துவிட்டது என்று ஆப் எனக்குக் கடிதம் எழுதும். குளிக்கப் போனாலும் அது வேகக் குறைவுதான். நான் எடுத்துப் போட்ட புகைப்படத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டு, அதே துண்டை என்னைவிடக் குறைந்த விலைக்கு விற்கிறார். படத்தின் ஓரத்தில் மருதாணி வைத்த என் கட்டை விரல் தெரிகிறது. என் விரலே எனக்குப் போட்டியாகக் கடை வைத்திருக்கிறது. ஒருமுறை, நிறம் பிடிக்கவில்லை என்று ஒருவர் துண்டைத் திருப்பி அனுப்பினார். உறையைப் பிரித்தபோது அது இன்னும் ஈரமாக இருந்தது. குளித்துத் துடைத்த பிறகுதான் நிறம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. எதிர்த்துப் பேச ஒரு படிவம் உண்டு. நிரப்பி அனுப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே நட்சத்திரம். ஐந்துக்கு எத்தனை என்பதைப் பொறுத்துத்தான் என் துண்டுகள் முதல் பக்கத்தில் தெரியுமா, கிணற்றின் ஆழத்தில் கிடக்குமா என்பது. தீபாவளித் தள்ளுபடி விற்பனை வரப் போகிறது, அதற்குள் நட்சத்திரத்தை ஏற்ற வேண்டும் என்று யோசித்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கொசுறுதான். கருவேப்பிலையில்லாமல் காய்கறி வாங்கி வீடு திரும்பிய அனுபவம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. அண்ணன் கடையிலும் அப்படித்தான், டஜனுக்கு ஒரு வெள்ளைக் கைக்குட்டை, சில்லறை இல்லாவிட்டால் ஒரு மிட்டாய். அவர் எனக்கு அனுப்பும் ஒவ்வொரு சிப்பத்திலும் துண்டுகளுக்கு நடுவே ஒரு கட்டுக் கைக்குட்டை இருக்கும். தங்கைக்குக் கொசுறு. நான் விமானம் ஏறப் புறப்பட்ட அன்றும் அதையேதான் செய்தார். அம்மா அழுதார், அண்ணி அழுதார், அண்ணன் மட்டும் அழாமல் கார் ஜன்னல் வழியாக ஒரு டஜன் வெள்ளைக் கைக்குட்டையை மடியில் போட்டு, "அங்க ரொம்ப வேர்க்குமாமா. வெச்சுக்கோ கண்ணு" என்றார். அவர் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

அந்தத் திங்கட்கிழமை முதல் ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நான்காக மடித்து வைத்தேன். மேலே ஒரு மிட்டாய். இரண்டும் நழுவாமல் இருக்கச் சிவப்பு நூலால் ஒரு சுற்று. வெறும் நூல் என்றால் வெள்ளையே போதும். மங்கலமாக இருக்கட்டும் என்றுதான் சிவப்பைத் தேடிப் போய் வாங்கினேன். மூன்று நாளில் பன்னிரண்டு பார்சல்கள் போயின. ஒவ்வொன்றையும் கட்டி முடித்து, நானே ஒரு நிமிடம் ரசித்துப் பார்த்தேன்.

வியாழன் மதியம் ஒரே ஒரு நட்சத்திரத்தோடு முதல் பதில் வந்தது. என் கைக்குட்டை, மிட்டாய், சிவப்பு நூல் மூன்றையும் தெளிவாகப் படமெடுத்துப் போட்டு, கீழே ஆங்கிலத்தில் இரண்டே வரி. என் அம்மாவுக்கு நாளை ஆபரேஷன், இந்தக் கடைக்காரன் இதை அனுப்பியிருக்கிறான். படத்தில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. கைக்குட்டையில் கறையா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் ஆப் கடிதம் எழுதியது: அனுப்பக் கூடாத பொருளை அனுப்பியதாகப் புகார், இன்னும் ஒரு புகார் வந்தால் கடை முடக்கப்படும். தீபாவளிக்கென்று அண்ணன் கடனுக்கு அனுப்பிய ஆறு மூட்டைத் துண்டு கூடத்தில் கூரை வரை நின்றது. நாற்காலியை நகர்த்த இடமில்லாமல் நாங்கள் கட்டிலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த செல்வத்திடம் படத்தைக் காட்டினேன். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சின் வாலில் ஒரு "லா" சேர்க்காமல் பேச வராதவர். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"இது சீனவங்க சாவு வீட்டுல குடுக்கிறது லா," என்றார்.

துக்கத்துக்கு வந்து திரும்புகிறவர்களுக்குச் சீனக் குடும்பங்களில் ஒரு வெள்ளைத் துண்டோ கைக்குட்டையோ, ஒரு மிட்டாய், கொஞ்சம் சிவப்பு நூல் கொடுத்து அனுப்புவார்களாம். கண்ணீரைத் துடைக்க ஒன்று, கசப்புப் போக ஒன்று, தீட்டு ஒட்டாமலிருக்க ஒன்று. சாதாரண நாளில்கூட யாருக்கும் கைக்குட்டையைப் பரிசாகக் கொடுக்க மாட்டார்களாம். இனி நாம் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தமாம். நான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. சொல்லிக் கொடுத்துச் செய்திருந்தால்கூட எதையாவது மறந்திருப்பேன். இத்தனை நாள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, ஏதோ கோயிலுக்குக் கட்டுகிறாய் என்று நினைத்தேன் என்றார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையை நினைத்துப் பாதி, அந்த அம்மாவை நினைத்துப் பாதி. எங்கள் பக்கத்தில் கோடித் துணியை உயிரோடு இருப்பவர் வீட்டுக்கு யாராவது தபாலில் அனுப்பினால், நட்சத்திரத்தோடு விட்டிருப்போமா?

மிச்சம் பதினோரு பேருக்கும் உட்கார்ந்து செய்தி அனுப்பினேன். மலாய்க்காரர்கள் ஆறு பேர், இலவசக் கைக்குட்டைக்கு நன்றி பாஸ் என்றார்கள். சுங்கை பாக்காப்பிலிருந்து ஒரு தமிழ் அக்கா, பிள்ளைகள் மூன்று பேர் இருக்க ஒன்றுதான் வைத்தீர்களா, சண்டை போடுகிறார்கள் என்று கேட்டார். மற்ற நால்வரும் சீனர்கள். இருவர் இன்னும் பிரிக்கவில்லை, ஒருவர் இதிலெல்லாம் தனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் குப்பைக்கு அனுப்பிவிட்டேன் என்றார், ஒருவர் பதிலே போடவில்லை. புகார் கொடுத்த மெய் லிங் என்ற பெண்ணுக்கு மட்டும் நீளமாக எழுதினேன். முழுப் பணமும் திருப்பித் தருகிறேன், துண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ரீஃபண்ட் வேண்டாம் என்று பதில் வந்தது. பிறகு இன்னும் ஒரு வரி: "யூ கம். டேக் மணி." கூடவே ஆயர் ஈத்தாமில் ஒரு முகவரி, காலை எட்டு மணி.

தப்புச் செய்த எனக்கு எதற்குப் பணம்? செல்வத்துக்கும் புரியவில்லை. போலீஸ் இருக்குமோ என்று நான் கேட்டேன். போலீஸ் வர இது என்ன கொலையா என்றார், அப்புறம் எதற்கும் கொஞ்சம் யோசித்தார். வெள்ளை உடுத்தாதே, கறுப்பும் வேண்டாம், ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போ என்று மட்டும் சொல்லி, விடியற்காலை ஆறு மணி தொழிற்சாலை பஸ்ஸுக்குப் போய்விட்டார். கடைக்கு முதலாளி அவர், மன்னிப்புக் கேட்கப் போகிறவள் நான். சிவப்புச் சுடிதாரும் ஆரஞ்சுப் பையுமாகப் பன்னிரண்டாவது மாடியில் போய் நின்றேன். கதவைத் திறந்த மெய் லிங்குக்கு நாற்பது வயதிருக்கும். மீசைக்காரரை எதிர்பார்த்திருந்தவர், என்னைப் பார்த்ததும் பக்கத்து வீட்டைக் கை காட்டினார். போனில் கடையைத் திறந்து காட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்.

சோபாவில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பை, அதன் மேல் என் துண்டு இரண்டு. எதிரே மேசையின் நட்டநடுவில், யாரும் தொடாமல், என் கொசுறு. பார்சலைப் பிரித்தது அந்த அம்மாவேதான் என்றும், நேற்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார் என்றும், பதினொரு மணிக்குள் சேராவிட்டால் ஆபரேஷனை வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள் என்றும் மெய் லிங் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அந்த அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். மெய் லிங் பாய்ந்து வந்து என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார். அந்த வீட்டில் அப்படிக் கும்பிடுவது சாமியையும், படமாகச் சுவரில் இருப்பவர்களையும்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்த அம்மா ஹொக்கியன் சீனத்தில் கேட்க, மகள் ஆங்கிலத்தில் மாற்ற, நான் ஈரோட்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். யார் இப்படி வைக்கச் சொன்னது? என் அண்ணன் கடை வழக்கம். வெள்ளை எதற்கு? எங்கள் ஊரில் கைக்குட்டை வெள்ளைதான். எனக்கு மட்டும் அனுப்பினாயா? இல்லை, பன்னிரண்டு பேருக்கு. பன்னிரண்டு என்றதும் அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. தன்னை மட்டும் குறி வைத்து வரவில்லை என்பதில் ஒரு ஆறுதல் போலிருக்கிறது. இடுப்புப் பையைத் திறந்து, ஒரு பத்து காசு நாணயத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

நான் வேண்டாம் என்றேன். நோயாளியிடம், அதுவும் வயதில் மூத்தவரிடம், காசு வாங்குவதா? அவர் மறுபடி நீட்டினார். நீட்டியதும் வாங்கிக்கொள்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை, மூன்று முறையாவது மறுக்க வேண்டும். நான் முறையாக மூன்று முறை மறுத்தேன். ஒவ்வொரு மறுப்புக்கும் அந்த அம்மாவின் முகம் இருண்டுகொண்டே போனது. நான்காவது முறைக்குள் மெய் லிங் குறுக்கே வந்தார்.

"நாட் கிஃப்ட் லா. ஷீ பை. யூ டேக், தென் ஷீ கோ ஹாஸ்பிட்டல்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கைக்குட்டை சும்மா வந்தால்தான் அது விடை கொடுப்பது. காசு கொடுத்துவிட்டால் வெறும் சாமான், கடையில் வாங்கியது. அதற்குக் கொடுத்தவளே நேரில் வந்து கை நீட்டி வாங்க வேண்டும், அதற்காகத்தான் நேற்றிரவு முழுவதும் அந்தக் காசு காத்திருந்திருக்கிறது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் சாப்பிடக் கூடாது என்று மகள் கத்த, பாதி மிட்டாயைக் கையில் துப்பிவிட்டுக் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மெய் லிங் தன் மதிப்புரையைத் திருத்தியிருந்தார். மூன்று நட்சத்திரம். விற்பவர் பரவாயில்லை, துண்டு மெல்லியது. ஆப் தன் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றது, மூட்டைகளும் தீபாவளிக்குள் மூன்றாகக் குறைந்தன. இரண்டு வாரம் கழித்து அதே வீட்டிலிருந்து இன்னும் நான்கு துண்டுக்கு ஆர்டர் வந்தது. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார் என்றும், இலவசமாக எதுவும் வைக்க வேண்டாம் என்றும் குறிப்பு எழுதியிருந்தார். நான் வைக்கவில்லை. யாருக்கும் வைப்பதில்லை.

ஆனால் அண்ணன் நிறுத்தவில்லை. ஒவ்வொரு சிப்பத்திலும் கைக்குட்டைக் கட்டு வந்துகொண்டே இருக்கிறது. அலமாரியின் கீழ்த்தட்டு நிரம்பி, மேல்தட்டுக்கு ஏறிவிட்டது. கொசுறு வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது. இருந்தாலும் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம், கார் ஜன்னல் வழியாக மடியில் விழுந்த அந்த முதல் டஜன் கண்ணில் படுகிறது, உடனே கதவை மூடிவிடுகிறேன். அடுத்த மாதம் ஈரோடு போகிறேன். அந்த அம்மா கொடுத்த பத்து காசை நான் செலவழிக்கவில்லை, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறேன். ரூபாயாகக் கொடுத்தால், தங்கையிடம் காசு வாங்குவதா என்று அண்ணன் கோபித்துக்கொள்வார். மலேசியக் காசு, பிள்ளைகளுக்குக் காட்டுங்கள் என்றால் வாங்கிக்கொள்வார். எதற்கென்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை, கை நீட்டி வாங்கினால் போதும். அதற்குப் பிறகு அலமாரியில் இருப்பவையெல்லாம் நான் அண்ணன் கடையில் விலை கொடுத்து வாங்கிய கைக்குட்டைகள். ஈரோட்டு வீட்டிலிருந்து என்னை யாரும் வழியனுப்பவில்லை.