முதலில் பிரேக்

பழைய லாரிக்கு எஞ்சின் கட்டித் தரச் சொல்லி யார் வந்தாலும், மெக்கானிக் முதலில் பிரேக்கைத்தான் கழற்றிப் பார்ப்பார். "எஞ்சின் கேட்டு வந்தா, இந்த மனுஷன் சக்கரத்தைக் கட்டிக்கிட்டு அழறாரே!" என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள்.

அவரும் ஒரு காலத்தில் இப்படிச் சிரித்தவர்தான். வரிசையாக ஆறு சிலிண்டர் உள்ள கிழட்டு எஞ்சினைப் பிரித்து, புது பிஸ்டனும் பெரிய டர்போவும் போட்டு அவர் கட்டிக் கொடுத்தால், மேட்டில் மூச்சு வாங்கிய லாரி பறக்கும். தங்கை புருஷனின் லாரிக்கும் ஆசை ஆசையாகக் கட்டினார். "பிரேக் பழசாச்சே மச்சான்?" என்று அவன் இழுத்தபோது, "நிக்கிறதுக்கா வண்டி வாங்கின?" என்று வாயை அடைத்துவிட்டார்.

லாரி மலை ஏறும்போது பறந்தது. இறக்கத்தில் நிற்கவில்லை. அவனைப் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

தங்கை இப்போது அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். நொறுங்கிய வண்டியிலிருந்து எஞ்சினை மட்டும் வாங்கித் தன் லாரியில் மாட்டிக்கொண்ட ஒருவன், "ஒரு கீறல்கூட இல்லண்ணே, உங்க கை கைதான்!" என்று வாசலில் நின்று பாராட்டிவிட்டுப் போனான், பாவி. அந்த எஞ்சின் சத்தம் தெருவில் கேட்கும்போதெல்லாம், புருஷன் வந்துவிட்டான் என்று தங்கை கதவைத் திறக்க எழுந்திருப்பாள். பிறகு உட்கார்ந்துகொள்வாள்.