மான்லி அக்கா விசாரித்துப் போன கடைகள்

முழுச் சைவம் சாப்பிடுகிறவர்கள் என்றாலே மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு, கையில் ஜபமாலையோடு, உப்புச் சப்பில்லாத கீரையைக் கிண்டிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கும் ஒரு நினைப்பு இருந்தது. மான்லி அக்காவோடு பழகிய பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. அவளைப் போல ரசித்துச் சாப்பிடுகிறவளை நான் பார்த்ததில்லை. ஒரு கிண்ணம் இளம் டோஃபுவில் இஞ்சிப் பாகை ஊற்றிக் கொடுத்தால் முதல் வாய்க்குக் கண்ணை மூடுவாள், இரண்டாவது வாய்க்குத் தலையாட்டுவாள், மூன்றாவது வாய்க்குக் கடைக்காரரைக் கூப்பிட்டுப் பாகில் கருப்பட்டியா கரும்பா என்று விசாரணை ஆரம்பித்துவிடுவாள்.

நாங்கள் இரண்டு பேரும் தைனான் நகரத்தில் சாலையோரக் கார்களுக்கு நிறுத்தக் கட்டணச் சீட்டு வைக்கிறவர்கள். அரை மணிக்கொரு தரம் ஸ்கூட்டரில் சுற்றி வந்து, நிற்கிற ஒவ்வொரு காரின் கண்ணாடித் துடைப்பானிலும் சீட்டைச் செருகிவிட்டு நகர வேண்டும். முகமூடி, தொப்பி, வெயிலுக்குக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டால் எங்களைப் பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாது. அதுவும் நல்லதுதான். அஞ்சு நிமிஷம்தானே நிறுத்தினேன் என்று கத்துகிறவன் யாரைக் கத்தினோம் என்று தெரியாமலே போய்விடுவான். நான் பதிலுக்கு நாலு வார்த்தை விடாமல் இருக்க மாட்டேன். மான்லி அக்கா மட்டும், "உங்க நேரம் நல்லா இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

பதினைந்து வருஷம் தெருத்தெருவாகச் சுற்றியதில் எந்தச் சந்தில் எந்தக் கடை எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் அப்போதெல்லாம் அவள் எங்களைப் போலத்தான். பன்றிக்கறிச் சோறு, மீன் கஞ்சி, காலையில் முட்டை ரொட்டி. எல்லாம் மாறியது அவள் புருஷன் தெங்சுவானுக்கு ஈரலில் கட்டி என்று மருத்துவர் சொன்ன அன்றைக்கு.

தெங்சுவான் வீடுகளுக்கு காஸ் சிலிண்டர் போடுகிறவர். இரண்டு சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நாலாவது மாடிக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவார். அப்படிப்பட்ட மனுஷன் மூன்று மாதத்தில் பாதியாகிவிட்டார். மான்லி அக்கா வேலை உடுப்போடு குவான்யின் அம்மன் கோயிலுக்குப் போய் முட்டி போட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன். இன்றிலிருந்து சாகும்வரை முழுச் சைவம், பால் முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டு வகையறா கிடையாது, அந்தப் புண்ணியம் ஒரு துளி எனக்கு வேண்டாம், அவ்வளவும் அவருக்குப் போகட்டும் என்று சத்தமாகவே சொன்னாள். பிறகு அம்மனிடம் உத்தரவு கேட்கிற, பிறை போன்ற இரண்டு மரக்கட்டைகளைக் கையில் ஏந்தித் தரையில் போட்டாள். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தால் அம்மன் சம்மதம். மூன்று தரம் போட்டாள், மூன்று தரமும் அப்படியே விழுந்தது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

முதல் மாதம் அழுதுகொண்டே டோஃபு தின்றாள். அதற்குப் பிறகு அவளுடைய நாக்கு விழித்துக்கொண்டது. புதன்கிழமை எங்களுக்கு விடுமுறை. என்னையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தால் சாயங்காலம் வரை சுற்றல்தான். காளானைச் சோயாச் சாற்றில் ஊறவைத்துப் போடும் நூடுல்ஸ் கடை. சேப்பங்கிழங்கை மசித்து உருட்டி, சீவிய ஐஸ் மேல் கொட்டித் தரும் கடை. கறுப்பு எள்ளை அரைத்துக் கூழாக்கி, சூடாகக் கிண்ணத்தில் ஊற்றும் இரண்டு அக்கா தங்கைகள், பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருஷமாகியும் ஒரே அடுப்பில் வேலை செய்கிறவர்கள். ஒரே நாளில் ஆறு கடை ஏறியிருக்கிறோம். நான் சைவமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளோடு போனால் சாப்பாடு ருசித்தது, அதனால் போனேன்.

ஒவ்வொரு கடையிலிருந்தும் தெங்சுவானுக்கு ஒரு பொட்டலம் போகும். வேர்க்கடலைத் தூளில் புரட்டிய பசையரிசி உருண்டை என்றால் அவருக்கு உயிர். உதட்டில் தூளோடு என்னிடம் ஒருநாள் சொன்னார்.

"பாத்தியா ஆஜூ, சாமிக்கு வாயக் கட்டுறேன்னு வேண்டிக்கிட்டவ, ஊரையே மேஞ்சிட்டு வர்றா. நான் சாக மாட்டேன், ஆனா இவ வெடிச்சிருவா."

"வெடிச்சா உங்க மேலதான் விழுவேன்," என்றாள் அக்கா.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. கட்டி சுருங்கிக்கொண்டே வந்தது. மருத்துவரே படத்தை இரண்டு தரம் தூக்கிப் பார்த்தார் என்று அக்கா சொன்னாள். அவளைப் பொறுத்தவரை மருந்து கொஞ்சம், அம்மன் நிறைய. நல்லது நடக்கும்போது யார் செய்தது என்று கேட்டுக்கொண்டா இருப்பார்கள்?

ஒன்பதாம் மாதத்தில் அவளுக்குப் பிறந்தநாள் வந்தது. அந்த வாரம் முழுக்க அவள் முகம் சரியாக இல்லை. தெங்சுவானுக்கு மறுபடி காய்ச்சல், இரவெல்லாம் தூக்கமில்லை, வேலையில் ஒருத்தன் சீட்டைக் கசக்கி அவள் முகத்திலேயே எறிந்திருக்கிறான். கால்வாய்ப் பக்கம் புதிதாக ஒரு கடை திறந்திருப்பதைப் பார்த்து நான்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சின்ன வயசுப் புருஷன் பெண்டாட்டி நடத்துகிற கடை. கண்ணாடியில் வீகன் என்று பெரிதாக எழுதியிருந்தது. முட்டை இல்லை, பால் இல்லை, தேன்கூட இல்லை என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பூசணிக்காய் சூப் வந்தது. நான் ஒரு வாய் குடித்தேன். அடியில் ஒரு இனிப்பு. மெல்லத் தீயில் மணிக்கணக்காக வதக்கினால்தான் அப்படி ஓர் இனிப்பு வரும். நான் தினம் சமைக்கிறவள், எனக்குத் தெரியாதா? வெங்காயம். நிமிர்ந்து பார்த்தால் அடுப்படி மேடையில் ஒரு கூடை நிறைய அதுவேதான் இருந்தது. அந்தப் பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. அவர்கள் படித்த ஊரில் வெங்காயம் மண்ணில் விளைகிற ஒரு காய்கறி, அவ்வளவுதான். நம் ஊரில் வேண்டுதல் எடுத்தவள் அதைத் தொட மாட்டாள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் பாதிக் கிண்ணத்தை முடித்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். அந்த வாரம் முழுக்கச் சுருங்கிக் கிடந்த முகம் அப்படியே விரிந்திருந்தது. இப்படி ஒரு சூப்பை ஜென்மத்தில் குடித்ததில்லை என்றாள். ரொட்டியால் கிண்ணத்தை வழித்துத் துடைத்தாள். பிறகு தேங்காய்ப் பாலில் செய்த சாக்லெட் கேக் வந்தது, அதையும் சாப்பிட்டாள், சிரித்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். தெரியாமல் சாப்பிட்டால் பாவமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கட்டி திரும்ப வந்து, தெங்சுவான் பதினோராம் மாதம் போய்விட்டார். சூப் குடித்ததிலிருந்து ஐம்பத்திரண்டு நாள். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன்.

ஏழு வாரக் காரியம் முடிந்த மறுநாள் அக்கா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். என் வேண்டுதலில் குறை இருந்ததா என்று அம்மனைக் கேட்டுக் கட்டையைப் போட்டாள். ஆமாம் என்று விழுந்தது. திரும்பவும் ஆமாம். மூன்றாவது தரமும் ஆமாம். அவள் அழவில்லை. கட்டைகளை எடுத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, எந்தக் கடையில் விரதம் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றாள்.

அப்படித்தான் மறுபடியும் புதன்கிழமைகள் ஆரம்பித்தன. அதே ஸ்கூட்டர், அதே சந்துகள். ஆனால் இப்போது அவள் எதுவும் சாப்பிடவில்லை. கடைக்காரர் முன்னால் நின்று, கும்பிடாத குறையாகக் கேட்பாள். போன வருஷம் நீங்கள் போட்ட எண்ணெயில் ஏதாவது கலந்திருந்ததா, மாவு கொடுத்தவன் மாறினானா, பன்றிக்கொழுப்பு தடவிய தட்டு எதிலாவது பட்டதா. இளம் டோஃபுக் கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷமாகச் சாமியாரிணிகளுக்கே கொடுக்கிறவனிடம் இப்படியா கேட்பது என்று கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனார். எள்ளுக் கூழ்க் கடையில் அக்காள்காரி விஷயத்தைக் கேட்டு அழுதே விட்டாள். தங்கைக்காரி ஒரு கிண்ணம் கூழைக் கொண்டுவந்து மான்லி அக்காவின் கையில் வைத்தாள். அக்கா அது ஆறும்வரை கையிலேயே வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

குற்றவாளி பின்னாலேயே உட்கார்ந்துகொண்டு வருகிறேன், இவள் ஊரெல்லாம் தேடுகிறாள்.

ஒரு கடையில் மட்டும் நடந்ததை என்னால் அப்போது புரிந்துகொள்ள முடியவில்லை. பயறு அடை சுடுகிற கடை அது. அந்த அம்மாள் யோசித்து யோசித்து, ஆமாம், ஒரு தடவை வேறு வனஸ்பதி வந்தது, அதில் பால் இருந்ததைப் பிறகுதான் பார்த்தோம் என்றாள். நான் மான்லி அக்கா உடைந்துபோவாள் என்று அவள் முழங்கையைப் பிடித்தேன். அவள் முகமோ விளக்குப் போட்டது போல மலர்ந்தது. எந்த மாசம், எந்த மாசம் என்று அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பன்னிரண்டாம் மாசம் என்று பதில் வந்தது. அதற்குள் தெங்சுவான் போய்விட்டிருந்தார். அக்காவின் கை தானாகக் கீழே விழுந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, தலைக்கவசத்தை இரண்டு தரம் தப்பாக மாட்டினாள்.

கால்வாய்ப் பக்கம் மட்டும் அவள் போகவேயில்லை. அந்தப் பிள்ளைகள் கண்ணாடியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அவர்கள்மேல் சந்தேகம் வரவில்லை போலும் என்று நினைத்தேன்.

நாலாம் மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம், சிவப்புப் பயறு ஐஸ் விற்கிற கடை வாசலில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பட்டியலில் அதுதான் கடைசிக் கடை. கடைக்காரர் சந்தைக்குப் போயிருந்தார், வந்துவிடுவார் என்றார்கள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். பூசணி சூப்பில் வெங்காயம் இருந்தது, எனக்கு அன்றைக்கே தெரியும், நீ சந்தோஷமாக இருந்தாய், அதைக் கெடுக்க மனசு வரவில்லை, என்னை அடி, திட்டு, என்ன வேண்டுமானாலும் செய் என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கும் தெரியும் ஆஜூ."

முக்காலியை அவள் பக்கம் திருப்பினேன்.

"ஒன்றரை வருஷமா அந்த வாசனையே படாத நாக்கு. மொத வாயிலயே தெரிஞ்சிருச்சு. கரண்டிய வைக்கணும்னு நெனச்சேன். வைக்கல."

அப்படியானால் மூன்று மாதமாக எதற்காக இந்த அலைச்சல் என்று கேட்டேன். கோபம்தான் வந்தது எனக்கு. இத்தனை நாள் நான் பட்ட பாட்டை நினைத்து வந்த கோபம்.

"தெரியாம சாப்பிட்டது எங்கயாவது ஒண்ணு இருந்திருக்கணும்ல? ஒண்ணே ஒண்ணு கெடச்சா போதும். இதுதான்னு வச்சிக்குவேன்."

வெங்காயத்துக்காக எந்தச் சாமியாவது ஒருவனைக் கொல்லுமா, கட்டி திரும்ப வந்தது, அவர் போனார், உலகம் முழுக்க அப்படித்தான் போகிறார்கள் என்று நான் மூச்சு விடாமல் பேசினேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சின்னப் பிள்ளை பாடம் கேட்பது போல இருந்தது.

"வெங்காயம் இல்ல ஆஜூ," என்றாள். "அவர் படுக்கைல கெடந்தாரு. அந்தக் கிண்ணம் முடியுற வரைக்கும் எனக்கு அவர் நெனப்பே வரல. ஒருதடவகூட வரல. அவ்வளவு நல்லா இருந்துச்சு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவள் பிடிக்கவும் இல்லை, உதறவும் இல்லை.

கடைக்காரர் பயறு மூட்டையோடு வந்து சேர்ந்தார். ரொம்ப நாளாச்சே அக்கா, உட்காருங்கள், இரண்டு கிண்ணம் போடட்டுமா என்றார். மான்லி அக்கா எழுந்து, உடுப்பைச் சரிசெய்துகொண்டு அவரிடம் போனாள். போன வருஷம் ஒன்பதாம் மாதம் பயறு வேகவைத்த சட்டியில் வேறு ஏதாவது வெந்ததா என்று கேட்டாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லவே இல்லை அக்கா, சுத்தமான சட்டி, நீங்கள் பயப்படவே வேண்டாம் என்றார்.