வெளுத்துப்போன ஊதாப் பூ

கல்யாணமான மறுவருடம் அரியலூரில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குப் போனபோது, ரோட்டோரம் செடி விற்றவரிடம் ஒரு செடி வாங்கினேன்.

“ஊதாப் பூ பூக்குங்க. நல்லா மணக்கும். பேருதான் தெரியல” என்றார் அவர்.

தரையில் நட்டதும் இலைகள் மஞ்சளடித்தன. எங்கள் தெருவே சுண்ணாம்பு மண். கணவர் ஒரு தொட்டி வாங்கி, செம்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி மாற்றி வைத்தார். மதிய வெயில் படாத சுவரோரம் செடி மெல்லத் துளிர்த்தது.

மாசியில் ஒருநாள் கதவைத் திறந்தால் வாசலெல்லாம் மணம். நாலைந்து பூக்கள், அடர் ஊதாவில். அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அவரே வந்து நின்றார்.

“என்னம்மா, பூவெல்லாம் வெளுத்துப்போச்சு? ஆலைத் தூசிதான், வேறென்ன.”

கணவருக்குச் சுருக்கென்றது. “தூசின்னா இலையிலயும்ல தெரியணும்?” என்றார்.

புதிதாக விரிந்த ஒரு பூவின் காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். மறுநாள் அது இளம் ஊதாவானது. அடுத்த நாள் தும்பைப் பூ வெள்ளை. வேலைக்குக் கிளம்பியவர் செருப்போடு திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வா. தானாத்தான் மாறுது.”

அக்காவையும் கூட்டிவந்து காட்டினோம். மூன்று நிறமும் ஒரே கிளையில் இருந்தன. “பச்சோந்தி மாதிரில்ல இருக்கு” என்று அக்கா சிரித்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு செடிக்காரரிடம் போனோம். அங்கே பூச்செடி பார்த்துக்கொண்டிருந்த ஏற்காட்டு அம்மா ஒருவர் கொத்தைக் கண்டதும், “இது எங்க வீட்டுல இருக்கே. நேத்து இன்னைக்கு நாளைன்னு சொல்லுவோம். அன்னன்னைக்கு ஒரு நெறமில்ல?” என்றார்.

செடிக்காரர் அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நாங்கள் அடுத்த செடிக்கு நகர்வதற்குள், “நேத்து இன்னைக்கு நாளை, வாங்க, வாங்க” என்று ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

அக்காவுக்கும் ஒன்று வாங்கிப்போனோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, வெள்ளையா மட்டும் பூக்குறது இல்லையா இதுல?”