தோழன் வரவேணுமெண்டா டிவிக்காரர் வரக்கூடாதாம்

மகளுக்கு ஆவணியில் கலியாணம். நாள் வைத்தாயிற்று, மண்டபமும் எடுத்தாயிற்று. மாப்பிள்ளைக்குக் கால் கழுவி மணவறைக்கு அழைத்துவர வேண்டிய தோழன், அமெரிக்காவில் படிக்கிற என் மகன்.

இன்று இங்கே லண்டனில் வேலை முடிந்து விம்பிள்டன் பஸ்ஸில் தூங்கி விழுந்துகொண்டிருந்தபோது போன் எடுத்தான்.

“அப்பா, கலியாணம் வைச்ச அந்தச் சனிக்கிழமைதான் இஞ்ச காலேஜ் ஃபுட்போல் சீசன் தொடங்குது. மேட்சுக்கு முதல் ஒரு டிவி ஷோ இருக்கு. ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொரு காலேஜில வந்து மேடை போடுவினம். முதல் கிழமை எங்கட காலேஜுக்குத்தான் வருவினம் எண்டு கதைக்கினம். வந்தா நான் இஞ்ச நிக்கவேணும்.”

“ஆர் கதைக்கினம்?”

“இன்டர்நெட்டில எல்லாரும். ஷோக்காரர் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை.”

“வேற காலேஜுக்குப் போனா?”

“அப்ப நான் கலியாணத்துக்கு வாறன் அப்பா. ப்ரொமிஸ்.”

அக்காவின் கலியாணத்துக்கு வர இப்படியொரு நிபந்தனை. இதைச் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் ஃபுட்போல் என்று அந்த மனுசனுக்கு விளங்கப்படுத்தவே ஆவணி முடிந்துவிடும்.

கத்துவதற்கு உடம்பில் தெம்பில்லை. பஸ்ஸால் இறங்கி நேரே கோயிலுக்குப் போனேன். அந்த நிகழ்ச்சி எந்தக் காலேஜுக்கு வேண்டுமானாலும் போகட்டும், என் மகனின் காலேஜுக்கு மட்டும் போகக்கூடாது என்று நேர்ந்துகொண்டு, அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

“ஆற்றை பேருக்கு? நட்சத்திரம் என்ன?” என்றார் ஐயர்.

டிவி நிகழ்ச்சிக்கு என்ன நட்சத்திரம்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஐயர் தட்டோடு நிற்கிறார்.