கிளி எடுத்த அட்டெண்டன்ஸ்

வெறும் கூண்டிலிருந்து குருவிச் சத்தம் கேட்ட அந்த மத்தியானத்தை என்னால் மறக்க முடியவில்லை. ஜூன் மாத வெயில். சாந்தோம் கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் கடற்காற்று இன்னும் வந்து சேராத நேரம். பால்கனியில் தொங்கிய கூண்டு காலியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. உள்ளே ஒரு மண் கலயம், காய்ந்த தேங்காய் நார், பாதி கொறித்த கடல்நுரை, அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பக்கமிருந்து, திருவிழாவில் குழந்தைகள் ஊதும் பீப்பி மாதிரி, சின்னச் சின்னதாக ‘மீப் மீப்’ என்று சத்தம் வந்தது. ஒன்று கூப்பிட்டது, இன்னொன்று பதில் சொன்னது. மூன்றாவது ஒன்று நடுவில் புகுந்து சண்டை போட்டது. துணி மடித்துக்கொண்டிருந்த என் மாமியார் கையை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “ஆறு பேரும் இருக்காங்க” என்றார்.

சத்தம் போட்டது கிளிதான். கூடத்து மூலையில் பெரிய கூண்டில் இருந்த, வால் மட்டும் சிவந்த சாம்பல் நிற ஆப்பிரிக்கக் கிளி. பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது என்பதால் என் மாமனார் தேடிப் பிடித்து, உரிய காகிதங்களோடு கொண்டுவந்தது. துறைமுக அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு பார்த்தவருக்கு ஓய்வு பெற்றதும் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. கான்வென்ட் பள்ளியில் முப்பது வருஷம் கத்திக் கத்திப் பாடம் நடத்திய மாமியாருக்கோ வீட்டில் இன்னொரு வாய் வேண்டியிருக்கவில்லை. “பேசுற பறவை உங்களோடவே இருக்கட்டும். எனக்குப் பேசாததா நாலு வேணும்” என்று சொல்லி அவர் வாங்கி வந்தவைதான் அந்த ஃபின்ச் குருவிகள். நான்கு என்று சொல்லிவிட்டு ஆறு வாங்கி வந்தார். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஆரஞ்சு மூக்கு, கழுத்தில் வரிவரியாகக் கோடு.

அந்த ஆறு குருவிகளுக்கும் மாமியார் வைத்திருந்த ஒழுங்கு ஒரு வகுப்பறைக்கு உரியது. காலையில் முதல் வேலை அட்டெண்டன்ஸ். பிறகு தினை, புதுத் தண்ணீர், வெள்ளரிக்காய் ஒரு துண்டு. வாரம் ஒருமுறை அவித்த முட்டையை மசித்து வைப்பார். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்கிற கணவாய் ஓட்டை வாங்கி, அவை கொத்தித் தின்னக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவார். கிளியும் குருவிகளும் ஒரே நேரத்தில் கூண்டுக்கு வெளியே இருக்கக் கூடாது என்பது கண்டிப்பான சட்டம். கிளி ஒரு கடி கடித்தால் குருவிக்குக் கால் இருக்காது. குருவிகளின் பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது கிளி தன் கம்பியை அலகால் பிடித்துக்கொண்டு அசையாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அது பொறாமையில் பார்க்கிறது என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். அது பாடம் கேட்டுக்கொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்!

என் மாமனார் கெட்ட மனிதர் அல்ல. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சட்டென்று மனம் இளகிவிடுகிற ஆள், அதுதான் அவருடைய தொந்தரவே. அந்த வருஷம் ஈஸ்டர் காலைப் பூசையில், கல்லறை திறந்துகொண்டதைப் பற்றிச் சாமியார் வைத்த பிரசங்கம் அவரை என்னவோ செய்துவிட்டது. மாமியார் பங்குப் பெண்களோடு சேர்ந்து பன் விநியோகம் செய்யக் கோயிலிலேயே நின்றுவிட்டார். மாமனார் முன்னதாக வீட்டுக்கு வந்தார். நான் சமையலறையில் மட்டனை வேகவைத்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில் கிளி வீறிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், பால்கனி வலையை ஒதுக்கி, கூண்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். முகமெல்லாம் மகிழ்ச்சி. “இன்னைக்கு நாள்ல எதுவும் அடைஞ்சு கிடக்கக் கூடாதும்மா” என்றார். குருவிகள் வெளியே போகவில்லை. மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் கையை உள்ளே விட்டு, அவ்வளவு மிருதுவாக, “போங்க, போங்க” என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார்.

நான்கு போயின. எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. அதற்கு மேல் நான் விவரிக்கப் போவதில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாமனாரின் முகத்தில் அந்த மகிழ்ச்சி கலைய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

மாமியார் பன் பொட்டலத்தோடு வந்தார், கூண்டைப் பார்த்தார், எண்ணினார். கலயத்துக்குள் ஒளிந்திருந்த இரண்டுதான் மிச்சம். கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “கையால தள்ளினீங்களா?” மாமனார், “ஆமா” என்றார். அதன் பிறகு என் மாமியார் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாளே மாமனார் என்னையும் கூட்டிக்கொண்டு பறவைக்கடை பாயிடம் போனார், அதே மாதிரி ஆறு வாங்கிவிடலாம் என்று. பாய் நடந்ததைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த தினைப் படியைக் கீழே வைத்தார். “இன்னா சார் இப்டி பண்ணிட்டே? கூண்டுலயே பொறந்தது சார் அது. காக்கான்னா இன்னான்னே தெரியாதே அதுக்கு. நேரா போய் காக்கா பக்கத்துலயே குந்திக்கினு இருந்திருக்கும்” என்றார். மாமனார் ஒன்றும் வாங்காமலே திரும்பிவிட்டார். மிச்சமிருந்த இரண்டும் பத்து நாளில், ஒன்றன்பின் ஒன்றாக, தினையைத் தொடாமலே செத்துப்போயின.

நம் வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாவிட்டால் நடுவில் ஓர் ஆளை வைத்துக்கொள்வது வழக்கம். “உங்க அப்பாகிட்ட சொல்லுடா” என்று பிள்ளையிடம் சொல்வார்கள், அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். என் கணவர் காலையில் சிறுசேரிக்கு வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள், காதில் ஹெட்போனோடு அறைக்குள் இருப்பேன். அதனால் மாமியார் தூதுக்குக் கிளியை வைத்துக்கொண்டார். அதன் முன்னால் நின்று, “சாப்பாடு ஆயிடுச்சு, வரச் சொல்லு” என்பார். இரண்டடி தள்ளி நாற்காலியில் இருக்கும் மாமனார், “வர்றேன்னு சொல்லு” என்று கிளியிடம் சொல்லிவிட்டு எழுவார். “மாத்திரை போட்டாச்சான்னு கேளு.” “போட்டாச்சுன்னு சொல்லு.” ஆரம்பத்தில் எங்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஏழு மாதம் ஓடியது.

நவம்பர் மழையில் மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தார், நான்தான் கூட இருந்தேன். கடைசியாக அவர் என்னிடம் தெளிவாகச் சொன்னது, “கிளிக்குத் தண்ணி மாத்தச் சொல்லு” என்பதுதான். எல்லாம் முடிந்த பிறகு மாமனார் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளாம்மா?” என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது. அதை நல்ல குணம் என்று நானே மெச்சிக்கொண்டிருந்த காலம் அது. “இல்ல மாமா” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கையை விட்டுவிட்டார். என் வாயில் ஒரு பொய் வந்து விழுந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். என் கணவரோ தன் பங்குக்கு, அடக்கம் முடிந்து வந்த அன்றே, “அம்மா மனசு உடைஞ்சுதான் போனாங்க. காரணம் யாருன்னு உங்களுக்கே தெரியும்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அப்பாவும் பிள்ளையும் தேவைக்கு மேல் பேசவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் ஒரு மணிக்கு, “சாப்பாடு ஆயிடுச்சு, வரச் சொல்லு” என்று என் மாமியார் கூப்பிட்டார். அதே குரல், ‘ஆயிடுச்சு’வில் லேசாக ஏறி இறங்கும் அதே வாத்தியார் தொனி. கையிலிருந்த கரண்டியை நான் கீழே போட்டுவிட்டேன். மாமனார் பதறவில்லை. “வர்றேன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். வீட்டில் மாமியாரின் புகைப்படத்துக்கு மாலை தொங்கியது. அவர் குரல் மட்டும் நேரத்துக்கு நேரம் வேலை பார்த்தது. இடையிடையே அந்த ஆறு குருவிகளும் வந்து போயின. ஒரே தொண்டைக்குள் எங்கள் வீட்டில் செத்தவர்கள் எல்லாரும் குடியிருந்தார்கள். என் கணவர் கிளியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். மாமனார் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் அடுத்த தவக்காலத்தில் ஒருநாள், மதியம் இரண்டரை மணி இருக்கும். அலுவலகக் கூட்டத்தை முடித்து ஹெட்போனைக் கழற்றினேன். கூடத்தில் என் மாமியாரின் குரல். “எனக்கு உங்க மேல கோவம் இல்லீங்க.” நான் அப்படியே நின்றேன். அந்த வாக்கியம் கிளிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஏழு மாதமும் அது கேட்டதெல்லாம் ‘வரச் சொல்லு’, ‘கேளு’, ‘வேணாம்னு சொல்லு’ என்பவைதான். ‘உங்க மேல’ என்று மாமியார் அவரை நேராக விளித்ததே கிடையாது. மறுபடியும் அதே குரல், “எனக்கு உங்க மேல கோவம் இல்லீங்க.” கதவை ஓசைப்படாமல் திறந்து பார்த்தேன்.

கிளி வாயை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் எதிரே பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே மாமனார். நாற்காலியைக் கூண்டுக்கு முழங்கால் தட்டும் அளவுக்கு நெருக்கமாகப் போட்டிருந்தார். தொண்டையை ஒருமுறை கனைத்தார். பிறகு அவர் உதடு அசைந்தது, என் மாமியாரின் குரல் வந்தது. வாலிபத்தில், பெண்கள் மேடையேறாத நாட்களில், பங்குக் கோயிலில் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்தில் பெண் வேஷம் கட்டியவர் அவர் என்று கல்யாணமான புதிதில் மாமியாரே சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தத் திறமையை இத்தனை வயதில், இதற்காக, எங்கிருந்து தோண்டி எடுத்தாரோ! கனைப்பு. அந்தக் குரல். கொஞ்சம் மௌனம். மறுபடி கனைப்பு. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் கொஞ்சமும் நடுங்கவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பரிதாபம் பிறகுதான் வந்தது. நான் வந்த சுவடு தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தினமும் அதே வேளையில் அரை மணி நேரம் பாடம் நடந்தது. எத்தனையோ மாதம். நான் யாரிடமும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள், மாமனார் குளியலறையில் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வாக்கியம் கூடத்திலிருந்து கேட்டது. அது அவரா, கிளியா என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கிளி அதை ஒருமுறையாவது அவருக்குத் திருப்பிச் சொன்னதா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாமல் போயிற்று. டிசம்பர் தொடக்கத்தில், மத்தியானத் தூக்கத்திலேயே அவர் போய்விட்டார். பிள்ளை வேலைக்குப் போயிருந்தார், வந்துதான் பார்த்தார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் தரையில் பேப்பரை விரித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார். கிளி மாமனாரைப் போலவே கனைத்தது. நான் அவசரமாகக் கூடத்துக்கு வருவதற்குள் சொல்லியும் விட்டது. “எனக்கு உங்க மேல கோவம் இல்லீங்க.” ஓர் எழுத்து பிசகாத என் மாமியாரின் குரல். என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். கிளி மறுபடியும் கனைத்தது, மறுபடியும் சொன்னது. அவர் முகம் சிறுபிள்ளை முகம்போல ஆகிவிட்டது. “அம்மா... அம்மா இதைச் சொல்லியிருக்காங்க” என்றார். “முன்னாடி அப்பா கனைக்கிறாரு பாரு. அப்போ, அப்பா பக்கத்துல இருக்கும்போதுதான் சொல்லியிருக்காங்க. இல்ல?”

“ஆமா,” என்றேன், “பக்கத்துலதான் இருந்தார்.”

“அப்பா ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல? நான் அவரை என்னென்ன பேசிட்டேன்” என்று அழுதார். வெகுநேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை இழுத்துக் கூண்டுக்கு முழங்கால் தட்டும்படி நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். இன்னொரு தடவை கேட்க வேண்டுமாம். கிளி தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்க்கத் தொடங்கியது.