மேற்கே பார்த்த சறுக்குமரம்

ஒரு சறுக்குமரம், மூன்று ஊஞ்சல், இரண்டு சீசா, ஒரு ராட்டினம், சுற்றிலும் இரும்பு வேலி. அம்பத்தூரில் எங்கள் பூங்காவில் இருந்த அத்தனையும் இந்தக் கை பற்றவைத்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வரைபடம் எவரும் தரவில்லை. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட குழாயையும் தகட்டையும் மாட்டுவண்டியில் ஏற்றிவந்து, தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டே அளவு பார்த்தேன். அறுபதுகளின் கடைசி அது. ஆவடி வரைக்கும் அப்படியொரு சறுக்குமரம் கிடையாது. பெருமையடிக்கிறான் என்பார்கள். அடிக்கத்தான் செய்வேன்.

ஆனால் அதை நினைத்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. காரணம் பூங்காவின் தோட்டக்காரர். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். சறுக்குமரத்தின் கால்களைக் குழியில் நிறுத்திய அன்று வந்து நின்றார்.

"மேஸ்திரி, சறுக்குற பக்கத்த மேற்கால வெக்காத நைனா. சாயந்தர வெயிலு நேரா அதும்மேலதான் அடிக்கும். கெழக்கால திருப்பு."

மேற்கில்தான் சாலை. பேருந்தில் போகிறவர்கள் என் தகடு பளபளப்பதைப் பார்க்க வேண்டாமா? "செடிக்குத் தண்ணி ஊத்துற வேலைய மட்டும் பாருய்யா" என்று சொல்லிவிட்டு கான்கிரீட்டைக் கொட்டினேன்.

திறந்த அன்று மாலை நாலு மணிக்கு முதலில் ஏறியது என் மகள். நான்தான் பிடிவாதமாக ஏற்றினேன். பாதி வழியிலேயே அலறினாள். தொடை சிவந்து கன்றிப்போயிருந்தது. வரிசையில் நின்ற பிள்ளைகள் கலைந்தார்கள். "சறுக்குமரமா, தோசக்கல்லா மாமே?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டது இன்னும் காதில் கிடக்கிறது. ஒரு வாரம் பார்ப்போம், யாரும் ஏறாவிட்டால் பிடுங்கிவிடுவோம் என்றது பூங்கா அலுவலகம்.

மறுநாள் மாலை மனம் கேட்காமல் போனேன். தோட்டக்காரர் பூவாளியோடு ஏணியின் உச்சியில் நின்று தகட்டில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கீழே பிள்ளைகள். "இருங்கடா, சறுக்கு குளிச்சிகினு கீது!"

"துரு புடிச்சிடும்யா" என்று கத்தினேன்.

"துரு புடிச்சா நீ வந்து பெயின்ட் அடிப்ப. புள்ளைங்க தொட வெந்தா இன்னாத்த அடிப்ப?"

அதன்பிறகு வெயில் அடித்த ஒவ்வொரு நாளும் ஊற்றினார், வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை. பொங்கலுக்குப் பொங்கல் நான் பெயின்ட் அடித்தேன். ஏன் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், "தகட்டு கொணம் அப்படி" என்பார். என் பெயரைச் சொன்னதில்லை. நீ சொன்னது சரி என்று நானும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

இப்போது அங்கே மரநிழலில் பிளாஸ்டிக் சறுக்கு. வாசலில் புதுக் கல், அதில் பெரிய மனிதர்களின் பெயர்கள். தினமும் காலையில் நாலு சுற்றுச் சுற்றி, அந்தக் கல்லெதிரே நின்றுவிட்டு வருகிறேன். கீழே ஒரு சாண் இடம் காலியாகத்தான் இருக்கிறது. சறுக்குமரம் செய்தவன் என்று அதில் என் பெயரை வெட்டுங்கள். அதை மேற்கே பார்த்து வைத்தவனும் இவனே என்று சேர்த்து வெட்டுங்கள். அப்போதுதான், தண்ணீர் ஊற்றியது யார் என்று யாராவது கேட்பார்கள்.