பூஜை முடிந்தும் போன பதில்

பனியன் கம்பெனி ஆபீசில் முதலாளி இருந்தார். சரக்கு வாங்கும் பையருக்கு மெயில் எழுதும் பொண்ணு இருந்தாள். கம்ப்யூட்டர்காரர் இருந்தார். அப்புறம் கட்டிங் மாஸ்டர் நான். ஆர்டர் உறுதியானால்தான் துணியில் கத்தி வைக்க முடியும். அதற்காக நின்றேன்.

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் வெளிநாட்டு பையர் மெயில் போட்டால், "பூஜை விடுமுறை, கம்பெனி இல்லை" என்று தானாகப் பதில் போனது. சாயங்காலத்துக்குள் இது சரியாகாவிட்டால் ஆர்டர் வேறு கம்பெனிக்கு என்று அவர் போனில் சொல்லிவிட்டார்.

"பூஜைக்குக் கம்ப்யூட்டரை அணைச்சுப் பொட்டு வெச்சமே, அப்புறம் யாருங்க பதில் போடறது?" என்றார் முதலாளி.

"இங்கிருந்து போறதில்லீங்க. நாம மெயிலுக்கு வாடகை கட்டற கம்பெனியோட மெசின்ல இருந்து போகுது" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"அப்ப அதுக்கும் பொட்டு வெச்சிருக்கோணும்."



மெயில் செட்டிங் பார்க்கும் பக்கம் அன்றைக்குத் திறக்கவில்லை. கம்ப்யூட்டர்காரர் நாலு வரி புரோகிராம் எழுதி அந்த மெசினையே கேட்டார். புரோகிராமே மெசினோடு பேசும் வழி, ஏபிஐ என்றார். எனக்கு விளங்கவில்லை. பதிலின் வாசகம் திரையில் வந்தது, தொடங்கிய நாளும் வந்தது. முடியும் நாள் காலி; அதனால்தான் பதில் நிற்காமல் போகிறதாம்.

"ஏம்மா, பதிலை வெச்சப்ப முடியற நாள் போடலையா?" என்றார் கம்ப்யூட்டர்காரர்.

"பூஜை முடிஞ்சு கம்ப்யூட்டரைப் போட்டா அதுவே நின்னுரும்னு இருந்தனுங்க" என்றாள் பொண்ணு.

நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். எங்கோ இருக்கிற மெசினுக்கு எங்கள் பூஜை முடிந்தது எப்படித் தெரியும் என்பது இன்னும் எனக்குக் குழப்பம்தான்.

கம்ப்யூட்டர்காரர் அதே வழியில் அந்தப் பதிலை நிறுத்தினார். பொண்ணு பையருக்குப் பதில் எழுதினாள். இருட்டும் முன்னே ஆர்டர் உறுதியானது.

பனியன், பன்னிரண்டாயிரம் உருப்படி.